அக்காவின் தொடையும் அண்ணனின் வயிறும்

ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளும் என் மேசைக்கு இரண்டு குழாய்கள் சேர்ந்தேதான் வரும். வயிற்றில் அறுவை செய்துகொள்ளும் ஒருவர், முன்கூட்டியே சம்மதக் கையெழுத்துப் போட்டு, ஆய்வுக்காகக் கொடுத்த கொழுப்பு அது. ஒரு குழாயில் தோலுக்கு அடியிலிருந்து எடுத்த துண்டு. இன்னொன்றில் வயிற்றறைக்குள்ளே, குடலுக்கு முன்னால் திரைச்சீலை மாதிரித் தொங்கும் ஓமெண்டத்திலிருந்து எடுத்த துண்டு. இரண்டும் விரல்நுனி அளவுதான், இரண்டும் மஞ்சள்தான். ஒரே ஆள், ஒரே மரபணு, ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம்.

அந்த இரண்டு துண்டுகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

கொழுப்புச் செல்லைத் திசுவிலிருந்து பிரிப்பது பொறுமை கேட்கும் வேலை. குளிர் பட்டால் அவை சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்ற நொதியில் ஊறவைத்து, உடல் வெப்பத்தில் ஒரு மணி நேரம் போலக் குலுக்க வேண்டும். செல்களைக் கட்டிப்போட்டிருக்கும் நார்கள் கரைந்துவிடும். இந்த முறையை 1964-இல் கொடுத்தவர் மார்ட்டின் ராட்பெல். பின்னாளில், 1994-இல், வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர். வலையில் வடிகட்டி அப்படியே நிறுத்தி வைத்தால், மற்ற செல்கள் எல்லாம் அடியில் தங்க, கொழுப்புச் செல்கள் மட்டும் மேலே மிதந்து ஒரு மெல்லிய படலமாக நிற்கும். மிதக்கும் செல்லைத் தட்டின் அடியில் ஒட்டவைத்து வளர்க்க முடியாது அல்லவா? அதனால் குடுவையை விளிம்பு வரை திரவத்தால் நிரப்பி, செல்கள் மேல்கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும்படி செய்வார்கள். கூரையைப் பிடித்துக்கொண்டு வாழும் செல்களை முதல்முறை நுண்ணோக்கியில் பார்த்த அன்று எனக்குச் சாப்பிடப் போகவே மனம் வரவில்லை. உள்ளே ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி. அதைச் சுற்றி இழை போல ஒரு விளிம்பு. அந்த விளிம்பில் எங்கோ ஓரமாக ஒதுக்கப்பட்ட கரு. பௌர்ணமி நிலா மாதிரி இருக்கும்.

இதை இப்போது எழுத வைத்தது என் அக்காவும் அண்ணனும்தான்.

இருவருக்கும் 74 கிலோ. உயரத்தில் ஒரு விரற்கடை வித்தியாசம். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் இருவரும் ஒரே பெட்டிக்குள் விழுவார்கள். அக்காவுக்குப் பருவம் வந்த நாளிலிருந்தே இடுப்பும் தொடையும் பெரிது, இடை சிறியது. அண்ணனுக்குக் கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும், எடை எல்லாம் வயிற்றில். அண்ணனுக்கு 38 வயதில் சர்க்கரை நோய் வந்தது. கூடவே கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடும் அதிகம். அக்காவுக்கு இப்போது 47. அவள் ரத்தப் பரிசோதனைத் தாளில் கோடிட வேண்டிய எண் ஒன்றுகூட இல்லை. ஆனால் உடலைப் பற்றிய பேச்சு முழுக்கக் கேட்டு வளர்ந்தவள் அவள்தான். அண்ணனை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சட்டை போட்டால் அவன் ஒல்லியாகவே தெரிவான். அக்கா யாரையும் தன் இடுப்பைச் சுற்றி அளவு டேப் வைக்க விடமாட்டாள். மருத்துவர்கள் இருவருக்கும் சொன்ன அறிவுரை மட்டும் ஒன்றேதான்: எடையைக் குறையுங்கள்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஒருவர் ஆண், ஒருவர் பெண். அதுவே பெரிய வித்தியாசம். ஆனால் இதே காட்சியைப் பல ஆயிரம் பேரிடம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் சொன்னவர் ழான் வாக். பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர். 1947-இல் அவர் எழுதினார்: பருமன் இரண்டு வகை, உடலின் மேற்பகுதியில் சேர்வது ஒன்று, இடுப்பிலும் தொடையிலும் சேர்வது இன்னொன்று. சர்க்கரை நோயும் இதய நோயும் முதல் வகையோடுதான் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடையே எல்லாம் என்று இருந்த காலம். கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் கழித்து, 1984-இல், சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 54 வயதான 792 ஆண்களை 13 ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் யாருக்கு வரும் என்பதை பி.எம்.ஐ. சரியாகச் சொல்லவில்லை, இடைச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்தால் வரும் இடை–இடுப்பு விகிதம் சொன்னது. பெண்களிடம் நடந்த இணை ஆய்விலும் அதே கதை. வாக் சொன்னதைக் கேட்க உலகம் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். தேவைப்பட்டது ஒரு அளவு டேப் மட்டுமே.

பி.எம்.ஐ. எவ்வளவு மறைக்கும் என்பதற்கு 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு புகைப்படம் போதும். சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு ஒருவருக்கு 21.2 சதவீதம், இன்னொருவருக்கு 9.1 சதவீதம்.

சரி, கொழுப்பு எங்கே இருந்தால் என்ன, ஏன் இவ்வளவு வித்தியாசம்? என் இரண்டு குழாய்களுக்கு வருகிறேன்.

குழாயின் அடியில் தங்கும் செல்களில் இன்னும் கொழுப்புச் செல்லாக மாறாத இளம் செல்கள் இருக்கும். முதிர்ந்த கொழுப்புச் செல் பிரிந்து பெருகாது. புதிய கொழுப்புச் செல் என்றால் இந்த இளம் செல்களிலிருந்துதான் வந்தாக வேண்டும். இவற்றைத் தட்டில் வளர்த்து, கொழுப்புச் செல்லாக மாறச் சொல்லும் மருந்துக் கலவையை ஊற்றினால், தோலடியிலிருந்து வந்தவை வரிசையாக மாறும். இரண்டு வாரத்தில் தட்டு முழுக்கப் பளபளக்கும் துளிகள். ஓமெண்டத்திலிருந்து வந்தவை தயங்கும். சில மாறும், பல அப்படியே நிற்கும், சில செத்துப்போகும். நான் தொடங்கிய புதிதில் என் கைப்பிசகு என்று நினைத்தேன். கலவையை மாற்றினேன், தட்டை மாற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, உலகம் முழுக்க எல்லா ஆய்வகங்களிலும் இப்படித்தான் நடக்கிறது என்று.

இதில் என்னை அசைத்தது ஒரு சோதனை. தமாரா ச்கோனியா, ஜேம்ஸ் கிர்க்லாந்து குழுவினர் ஒற்றை இளம் செல்லை எடுத்து, அது முதுமை அடையாமல் பெருகும்படி செய்து, 40 தலைமுறைக்கு மேல் தட்டிலேயே வளர்த்தார்கள். உடலை விட்டு வந்து எத்தனையோ காலம். சுற்றிலும் குடல் இல்லை, தோல் இல்லை, ஹார்மோன் இல்லை. இரண்டு தட்டுகளுக்கும் ஒரே உணவு. ஆனாலும் வயிற்றறைச் செல்லின் வாரிசுகள் வயிற்றறைச் செல் போலவும், தோலடிச் செல்லின் வாரிசுகள் தோலடிச் செல் போலவும் நடந்துகொண்டன. பிறந்த இடத்தை அவை மறக்கவில்லை. கரு உருவாகும்போது தலை எங்கே, வால் எங்கே, கை எங்கே என்று உடலுக்கு வழிகாட்டும் ஹாக்ஸ் மரபணுக்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் எவை விழித்திருக்கின்றன என்பது வயிற்றுக் கொழுப்பில் ஒரு மாதிரி, தொடைக் கொழுப்பில் வேறு மாதிரி. வாழ்நாள் முழுக்க அந்த அடையாளம் போவதில்லை. எலிகளில் பார்த்தால் வம்சமே வேறு. வயிற்றறைக் கொழுப்பின் ஒரு பெரும் பங்கு உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வின் மூதாதைச் செல்களிலிருந்து வருகிறது. தோலடிக் கொழுப்பு அப்படி வருவதில்லை. சீரமைப்பு அறுவை செய்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். வயிற்றிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைத்த கொழுப்பு, பல ஆண்டுகள் கழித்து அந்த ஆள் எடை போட்டால், வைத்த இடத்திலேயே வீங்கும். வயிறு போலவே நடந்துகொள்ளும்.

அடுத்தது, இவை கட்டளைகளைக் கேட்கும் விதம். கொழுப்புச் செல்லுக்கு இரண்டு பெரிய கட்டளைகள். சாப்பிட்ட பின் இன்சுலின் வந்து "வைத்துக்கொள், வெளியே விடாதே" என்கிறது. பசியிலும் ஓட்டத்திலும் அட்ரினலின் வந்து "எடுத்துக் கொடு" என்கிறது. வயிற்றறைச் செல்லுக்கு இரண்டாவது கட்டளை உரக்கக் கேட்கும், முதல் கட்டளை மெதுவாகத்தான் கேட்கும். அதனால் அது சட்டென்று கொழுப்பு அமிலத்தை அவிழ்த்துவிடும். இன்சுலின் தடுத்தாலும் முழுசாக நிற்காது. தொடைச் செல் நேர் எதிர். அட்ரினலினின் சொல்லைத் தடுத்து நிறுத்தும் ஆல்ஃபா-2 என்ற ஏற்பி அதன் மேல்பரப்பில் நிறைய இருக்கிறது, அதுவும் பெண்களிடம் அதிகம். "என்ன செய்தாலும் தொடை மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது" என்று பெண்கள் சொல்வது பிரமை அல்ல. அந்தச் செல்கள் பூட்டி வைக்கவே உண்டானவை.

அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில், அதே தொடைக் கொழுப்பு தாராளமாகக் கரையத் தொடங்குகிறது. சேர்த்து வைக்கும் நொதியின் வேலை தொடையில் குறைகிறது, அவிழ்த்து விடும் வேலை கூடுகிறது. மரியேல் ரெபூஃபே-ஸ்க்ரீவ் 1985-இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். தொடை யாருக்காகச் சேர்த்து வைத்திருந்தது என்று அதைப் படித்த அன்று எனக்குப் புரிந்தது. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சேமிப்பில் வளர்ந்தவர்கள். அக்காவோ கண்ணாடி முன் நின்று அதையே வெறுத்துக்கொண்டிருந்தாள்.

மன அழுத்தத்தின் ஹார்மோனான கார்டிசாலுக்கும் வயிற்றறைக் கொழுப்பு அதிகமாகச் செவிசாய்க்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே கூடுதல். செயலற்றுக் கிடக்கும் கார்டிசோனை அங்கேயே கார்டிசாலாக மாற்றும் நொதியும் கூடுதல். கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயில், கைகால்கள் மெலிய, வயிறும் முகமும் பிடரியும் பருக்கும். ஒரே ஹார்மோன், ஒரே உடல். ஓரிடத்தில் கரைக்கிறது, ஓரிடத்தில் குவிக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரத் தொடங்குவது இந்த வரிசையில் வரும் இன்னொரு கதை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி, பருமன் ஆகும்போது என்ன நடக்கிறது என்பது. கொழுப்பைக் கூட்டி வைக்க உடலுக்கு இரண்டே வழி. இருக்கும் செல்லை ஊத வைக்கலாம், அல்லது புதிய செல்லைச் செய்யலாம். மேயோ கிளினிக்கில் மைக்கேல் ஜென்சன் குழுவினர் 28 பேருக்கு 8 வாரம் தேவைக்கு அதிகமாகச் சாப்பிடக் கொடுத்தார்கள். 2010-இல் வெளியான முடிவு இது: வயிற்றுத் தோலடியில் செல்கள் ஊதிப் பெரிதாயின; கீழ்உடலில் புதிய செல்கள் பிறந்தன. வெறும் 1.6 கிலோ கொழுப்பு கீழ்உடலில் கூடியதற்கு, சுமார் 260 கோடிப் புதிய செல்கள். எட்டே வாரத்தில்.

இந்த எண்ணை நான் பலமுறை நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் பீட்டர் ஆர்னரும், வளர்ந்த மனிதரின் மொத்தக் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று காட்டியிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கடிகாரம் விசித்திரமானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டின் கார்பன் அதன் டி.என்.ஏ.-வில் பதிந்துவிடும். அதை அளந்து செல்லின் வயதைச் சொன்னார்கள். ஆண்டுக்கு சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் செத்து, அதே அளவு புதிதாக வருகின்றன. எடை வெகுவாகக் குறைந்தவர்களிடமும் எண்ணிக்கை குறையவில்லை. செல்கள் சுருங்கின, அவ்வளவுதான். அவர்கள் பார்த்தது தோலடிக் கொழுப்பை. உடலின் எல்லா மூலைக்கும் ஒரே விதி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதைத்தான் தொடையின் 260 கோடி செல்கள் சொல்கின்றன.

ஊதிய செல்லுக்கு என்ன ஆகும்? கொழுப்புச் செல் 0.2 மில்லிமீட்டர் குறுக்களவு வரை போகும். ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவும் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். மூச்சு முட்டும். சுற்றிலும் நார் இறுகும். செல் சாகும். செத்த செல்லை மேக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் வட்டமாகச் சூழ்ந்துகொள்ளும். வெட்டுத்துண்டில் பார்த்தால் தலையில் வைத்த கிரீடம் மாதிரியே இருக்கும். பெயரும் கிரீட அமைப்பு என்றுதான். ஒல்லியான உடலின் கொழுப்பில் மேக்ரோபேஜ் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே, கடும் பருமனில் 40 சதவீதம் வரை என்று 2003-இல் கணக்கிட்டார்கள். அவை கக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் சொல்லை மங்கச் செய்கின்றன. ஓமெண்டத்துக் கொழுப்பு வெளியிடும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் தோலடிக் கொழுப்பு வெளியிடுவதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பசியை அடக்கும் லெப்டினைத் தோலடிக் கொழுப்பே அதிகம் தருகிறது.

இதை எல்லாம் கேட்டால், வயிற்றறைக் கொழுப்புதான் வில்லன், தீர்ந்தது கதை என்று தோன்றும். நானும் பல காலம் அப்படித்தான் நம்பினேன். ஓமெண்டத்திலிருந்து வெளியேறும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அவிழும் கொழுப்பு அமிலம் கல்லீரலை மூழ்கடிக்கிறது, அதனால்தான் சர்க்கரை நோய். அழகான விளக்கம். ஆனால் 2004-இல் அதே ஜென்சன் குழுவினர் அளந்து பார்த்தபோது, கல்லீரலுக்குப் போகும் கொழுப்பு அமிலத்தில் வயிற்றறைக் கொழுப்பின் பங்கு ஒல்லியானவர்களிடம் சுமார் 5 முதல் 10 சதவீதம், பருமனானவர்களிடம் 20 முதல் 25 சதவீதம். மிச்சம் முழுக்க உடலின் மற்றக் கொழுப்பிலிருந்து. அளவைப் பார்த்தாலும் இது வியப்பில்லை. ஆண்களின் மொத்தக் கொழுப்பில் வயிற்றறையில் இருப்பது 10 முதல் 20 சதவீதம், பெண்களிடம் 5 முதல் 8 சதவீதம்.

அதே ஆண்டு வந்த இன்னொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாமுவேல் க்ளைன் குழுவினர் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை லிபோசக்‌ஷனில் உறிஞ்சி எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 10 கிலோ. மூன்று மாதம் கழித்து இன்சுலின், ரத்த அழுத்தம், அழற்சி எதுவும் அசையவில்லை. சாப்பாட்டைக் குறைத்து 10 கிலோ குறைந்திருந்தால் எல்லாமே இறங்கியிருக்கும். செல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, மீதியுள்ள ஒவ்வொரு செல்லையும் சுருங்க வைப்பது வேறு. எலிகளில் ரொனால்ட் கான் குழுவினர் இன்னும் துணிந்த காரியம் செய்தார்கள்: தோலடிக் கொழுப்பை எடுத்து இன்னொரு எலியின் வயிற்றறைக்குள் வைத்தார்கள். இடம் கெட்டது என்றால் எலியின் நிலைமை மோசமாக வேண்டும். ஆனால் சர்க்கரை சீரானது. வைத்த கொழுப்பு நன்மை செய்தது. ஆக, இருக்கும் இடத்தைவிட வந்த இடம் பேசுகிறது.

இந்தத் துண்டுகளை எல்லாம் எனக்கு ஒட்டவைத்துக் காட்டியது ஓர் அரிய நோய். டன்னிகன் வகைப் பகுதிக் கொழுப்பிழப்பு என்பார்கள். லாமின் ஏ என்ற மரபணுவில் ஒரு பிழை. பருவ வயதில் கை, கால், இடுப்பிலிருந்து கொழுப்பு கரைந்து போகும். தசையும் நரம்பும் தெரிய, பார்க்க உடற்பயிற்சி வீரர் போல இருப்பார்கள். கொழுப்பு இல்லாததுதான் ஆரோக்கியம் என்றால் இவர்களைவிட ஆரோக்கியமானவர் யார்? ஆனால் இவர்களுக்கு இளவயதிலேயே கடுமையான சர்க்கரை நோய், வானளவு டிரைகிளிசரைடு, கல்லீரல் நிறையக் கொழுப்பு. வைக்க வேண்டிய இடம் இல்லாததால், கொழுப்பு வைக்கக் கூடாத இடத்துக்குப் போகிறது.

பல லட்சம் பேரிடம் இதுவே மெல்லிய வடிவில் நடக்கிறது என்பது இன்று என் உறுதியான எண்ணம். 2017-இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையோடு தொடர்புள்ள 53 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. அவற்றில் ஆபத்தான வகைகளைச் சுமப்பவர்களுக்குக் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருந்ததோ குறைவாக, அதுவும் குறிப்பாகக் கீழ்உடலில். சர்க்கரை நோய்க்கான கிளிட்டசோன் மருந்துகளும் இதே திசையில்தான் வேலை செய்கின்றன. இளம் செல்களைக் கொழுப்புச் செல்லாக மாற்றித் தோலடியில் இடம் உண்டாக்கும். ஆள் எடை கூடுவார், சர்க்கரை குறையும். முன்பு எனக்கு முரண்பாடாகத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை.

அண்ணனுக்கு நடந்ததை இப்படித்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். அவன் தொடைக்குப் புதிய செல் செய்யும் திறன் குறைவு. வயிற்றுத் தோலடிச் செல்கள் ஊதி நிரம்பின. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கவளத்தின் மிச்சமும் வயிற்றறைக்கும், கல்லீரலுக்கும், தசைக்கும், கணையத்துக்கும் போனது. வயிற்றறைக் கொழுப்பு குற்றத்தில் பங்கு கொண்டதுதான். ஆனால் அதைவிட, பிரதான கிடங்கு நிரம்பிவிட்டது என்பதற்கு அது சாட்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, அதைத் தாண்டினால் எந்த எடையிலும் நோய் வரும் என்று நியூகாசிலின் ராய் டெய்லர் சொல்வதும் இதைத்தான். அக்காவின் கொள்ளளவு பெரிது. அண்ணனுடையது 74 கிலோவுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பு இருக்கிறது. பட்டினியால் உடல் வற்றிப்போகும் உணவு மறுப்பு நோயில், உடலின் எல்லாக் கொழுப்பும் கரைந்துகொண்டிருக்க, மஜ்ஜைக் கொழுப்பு மட்டும் கூடுகிறது. குதிகாலின் மெத்தைக் கொழுப்பும், கண்குழியில் விழியைத் தாங்கும் கொழுப்பும் வேறு ரகம். பசி வந்தாலும் அவை எளிதில் கரைந்து கொடுக்காது. கொழுப்பு என்ற ஒரே சொல்லில் எத்தனை உறுப்புகளை அடைத்து வைத்திருக்கிறோம்!

மாற்ற முடிந்தது எது? தொடைக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அப்படிச் செய்துகொண்ட பெண்களை ஓராண்டு கழித்து அளந்தபோது, போன கொழுப்பு மொத்தத்தில் திரும்பி வந்திருந்தது. தொடைக்கு அல்ல, வயிற்றுக்கு. பாதுகாப்பான கிடங்கை இடித்துவிட்டு ஆபத்தான கிடங்கை நிரப்புவது போல. ஆனால் வயிற்றறைக் கொழுப்பு சட்டென்று அவிழும் இயல்புடையது என்றேனே, அந்த இயல்பே இங்கே நமக்கு உதவுகிறது. உடலை அசைத்தால் அது முதலில் போகும், சிலசமயம் எடைக்கருவி நகராமலேயே. 2019-இல் ஓர் ஆய்வில் 12 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள்; வயிற்றறைக் கொழுப்பு குறைந்தது. இன்டர்லூக்கின்-6 வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களிடம், அதே பயிற்சிக்கும் அது குறையவில்லை. அழற்சிக்காக நாம் குறை சொல்லும் அதே பொருள், ஓடும் தசையிலிருந்து வரும்போது கொழுப்பைக் கரைக்கிறது. யாரிடமிருந்து, எப்போது வருகிறது என்பதில்தான் எல்லாம்.

அண்ணன் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் எடைக்கருவியில் ஏறி இறங்கி, முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கிலோதான்மா குறைஞ்சிருக்கு. இதுக்கா இவ்வளவு பாடு?"

"எழுந்து நில்லுங்கண்ணா," என்று டேப்பை எடுத்து அவன் வயிற்றைச் சுற்றி வைத்தேன். மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதி வைத்திருந்த எண்ணைவிட ஆறு சென்டிமீட்டர் குறைவு. அவன் நம்பாமல் இன்னொரு தடவை அளக்கச் சொன்னான். அளந்தோம். அதே ஆறு.

அவன் சத்தமாக யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அக்கா டேப்பைச் சுருட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். தொடைச் செல்களைப் பற்றியும், தாய்ப்பாலைப் பற்றியும் நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவாள்.

"எனக்கும் எடுடி," என்றாள். "இடை மட்டும் இல்ல. இடுப்பும்."

எடுத்தேன். நான் எண்ணைச் சொல்வதற்குள் அவளே குனிந்து படித்து, அண்ணனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.